சோற்றைக் குறைக்காதே, மலர்

அன்புள்ள மலருக்கு,

இங்கே நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். மிச்சிகன் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் 25, 28 கிலோமீட்டர் ஓடுகிறாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்டோபரில் சிகாகோ மாரத்தான் ஓடப்போகிறாள் என்று தெருவில் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தினாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதமாகத் தள்ளிப்போகிறது என்று சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறாய். தொல்லை விட்டதாமே!

ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். மாதவிலக்கை நிறுத்துவது அந்தச் சிக்கனத்தில் ஒன்று. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும், அது குறைந்தால் எலும்பு பலம் இழக்கும். கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழ அது போதும். வேறு காரணமும் இருக்கலாம், டாக்டரிடம் தைராய்டும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபினோடு நின்றுவிடாமல், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டும் எடுக்கச் சொல். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்தச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், அம்மாவின் பயம் என்று தள்ளாதே.

முப்பதாவது கிலோமீட்டர் தாண்டினால் கால் நகராது என்று உன் கூட ஓடுகிறவர்கள் பயமுறுத்துகிறார்களே, அதுவும் சோற்று விஷயம்தான். தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து 42 கிலோமீட்டருக்குக் காணாது. கடைசி இரண்டு மூன்று நாள் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு என்று வயிறாரச் சாப்பிடு. ஓடும்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். ஓட்டக்காரர்கள் சாப்பிடுகிற எனர்ஜி ஜெல் ஆனாலும் பேரீச்சம்பழம் ஆனாலும், இந்த ஞாயிறே பழக ஆரம்பி. மாரத்தான் அன்றைக்குப் புதிதாக எதையும் வாயில் போட்டுவிடாதே.

தண்ணீர் குடி என்று நான் விரட்டுவேன் என்று நினைத்திருப்பாய். மாட்டேன். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்பு, அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது எடை ஏறுகிற அளவுக்குக் குடித்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். தாகத்துக்குக் குடி, போதும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்றால் மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விடு. அக்டோபர் என்றால் குளிர்தான் என்றும் நம்பாதே, 2007இல் உங்கள் ஊரிலேயே வெயில் தாங்காமல் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்.

அங்கே முதல் கூட்டம் காலை 7.30க்குக் கிளம்பும்போது இங்கே மாலை 6 மணி. நீ ஐந்து கிலோமீட்டர் தாண்டும்போதெல்லாம் போனில் தெரியுமாம், தம்பி வந்து காட்டுகிறேன் என்றான். சட்டையில் குத்திக்கொண்டு ஓடுகிற உன் பிப் நம்பர் வந்ததும் அனுப்பு. டாக்டரைப் பார்க்கும் தேதியை அதற்கு முன்னாலேயே அனுப்பு.

அன்புடன்,
அம்மா