அக்காவுக்கு ஒரு வகுப்பறைக் கடிதம்

வான்கூவர்,
பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா

அன்புள்ள அக்கா,

இங்கு நலம். அங்கு நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? "அங்கே பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்தே பாடம் நடத்துகிறார்களாமே, இங்கே செய்தால் பத்து நிமிஷத்தில் சந்தைக்கடை ஆகிவிடுகிறது, எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள நிலவரம். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுக்க ஒரே வகுப்போடு இருக்கிறார். அதனால் ஒரு வேலை இழுத்துக்கொண்டு போனால் மணியடித்துப் பாதியில் நிற்காது. நான்காம் வகுப்பிலிருந்து ஓர் அறையில் 30 பேர் என்று மாகாணச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துவதும் சாதாரணம். வீட்டில் பஞ்சாபியும், சீனர்களின் மாண்டரினும், பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோகும் பேசுகிற பிள்ளைகள் ஒரே மேசையில் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை மதிப்பெண்ணும் கிரேடும் கிடையாது. நான்கு நிலைகளில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எழுதுவார்கள். பிள்ளையே தன் கற்றலைப் பற்றி எழுதும் பகுதியும் அறிக்கையில் உண்டு.

இதெல்லாம் வசதிதான். ஆனால் இதே பிள்ளைகளை நான்கு நான்காக உட்காரவைத்து "கலந்து பேசுங்கள்" என்று விட்டுவிட்டால் இங்கேயும் கூச்சல்தான். ஒருத்தி எழுதுவாள், ஒருவன் பார்ப்பான், மற்ற இருவர் வேறு கதை பேசுவார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கூட்டுக் கற்றலைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் சில நிபந்தனைகள் சொல்கிறார்கள். அவற்றில் இரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள். ஒருவர் பங்கு இல்லாமல் மற்றவரால் வேலையை முடிக்க முடியக் கூடாது. முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு குழு வேலை எங்கே சறுக்கியது என்று தேடினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கும்.

உடனே தொடங்கக்கூடியது ஜோடிப் பேச்சு. மேரிலாந்தில் ஃபிராங்க் லைமன் 1981-இல் எழுதிவைத்த முறை. கேள்வியைக் கரும்பலகையில் எழுது. வாயால் மட்டும் சொன்னால் பாதிப் பேருக்கு அது நிற்காது. ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் நோட்டில் ஒரு வரியாவது எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒன்றரை நிமிஷம்: முதலில் ஜன்னல் பக்கம் இருப்பவர், அடுத்து மற்றவர். யார் முதலில் என்று நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் எப்போதும் பேசுகிறவளே பேசுவாள். கடைசியில் வகுப்புக்குச் சொல்லும்போது தன் கருத்தைச் சொல்ல வேண்டாம், ஜோடி சொன்னதைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியால் காது திறந்துவிடும்.

இது கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷ மௌனத்தில்தான். நமக்குப் பொறுக்காது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாகச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பு ஒலிப்பதிவுகளை வைத்துக் காட்டினார். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இன்னொரு கோளாறு, கேள்வியே ஒற்றைச் சொல் பதிலுக்கானதாக இருப்பது. "தலைநகர் எது?" என்பதற்கு ஜோடி எதற்கு? "இந்த ஊர் ஏன் ஆற்றோரம் உருவானது?" என்று கேட்டால் பேச விஷயம் இருக்கும்.

அடுத்தது ஜிக்சா. உனக்கு இதுதான் மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது பகைமை முற்றியது. அதைத் தணிக்க எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவர் மாணவர்களும் உருவாக்கிய முறை இது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. என் துண்டு உனக்குத் தெரியாது, உன் துண்டு எனக்குத் தெரியாது. தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் வரும்.

நீ நடத்தும் ஐவகை நிலம் இதற்கென்றே செய்தது போன்ற பாடம். உன் வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். இவை சொந்தக் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குக் குறிஞ்சி, ஒருவருக்கு முல்லை, இப்படியே மருதம், நெய்தல், பாலை. பிறகு ஒரே நிலத்தை எடுத்தவர்கள் எழுந்து வந்து தனியாகக் கூடுவார்கள், அது நிபுணர் குழு. எட்டுப் பேரை ஒன்றாக உட்காரவைக்காதே, நான்கு நான்காக இரண்டு குழுவாக்கு. ஐந்தைத் தாண்டினால் யாராவது ஒருவர் மறைந்துகொள்வார்.

இரண்டு பாடவேளை ஒதுக்கு. முதல் வேளையில் விளக்கம் ஐந்து நிமிஷம், தன் நிலத்தைத் தனியாக வாசிக்கப் பத்து நிமிஷம், நிபுணர் குழுவில் பேச இருபது நிமிஷம். மிஞ்சும் நேரத்தில் ஒவ்வொரு நிபுணரும் ஓர் அட்டை தயாரிக்க வேண்டும்: ஐந்து சொல், ஒரு படம், அவ்வளவுதான். அட்டைகளை நீ வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் கொடு. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஒரு நிபுணர் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்தத் தப்பு அவர் குழு முழுக்கப் போய்ச் சேரும். இரண்டாம் வேளையில் ஆளுக்கு நான்கு நிமிஷமாக இருபது நிமிஷம் கற்பித்தல், பத்து நிமிஷம் தனித் தேர்வு, மீதியில் திருத்தம்.

கற்பிக்கும்போது நோட்டு மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிபுணர் ஒப்பிப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அது வழக்கமான வகுப்பேதான், ஆசிரியர் மட்டும் குட்டி. கேட்பவர்கள் ஒவ்வொரு நிபுணரிடமும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று விதி வை.

எங்கே நின்று கவனிக்க வேண்டும் தெரியுமா? நெய்தலும் முல்லையும் மோதும் இடத்தில். நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. அதைப் பிள்ளை எளிமைப்படுத்தி "சாயங்காலம்" என்று சொல்லும். முல்லைக்காரியும் "மாலை" என்பாள். குழுவில் யாராவது "இரண்டும் ஒன்றா?" என்று கேட்பார்கள். அப்போது நீ ஓடிப்போய் விடை சொல்லிவிடாதே. பாடநூலைத் திறந்து பிற்பகல் 2 முதல் 6 வரை எற்பாடு, 6 முதல் 10 வரை மாலை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். சூரியன் சாயும் வேளை என்று சொல்லின் பொருளைப் பிரித்துப் பார்க்கிற பிள்ளையும் இருக்கும். நீ கரும்பலகையில் அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

ஆள் வராத நாளுக்கும் வழி இருக்கிறது. 38 பேர் வந்தால் ஏழு குழு போடு, 35 பேர் ஆயிற்று. மிச்சம் மூவரை மூன்று குழுக்களில் ஆறாம் ஆளாகச் சேர்த்து, வாசிக்கத் தடுமாறும் பிள்ளையோடு ஒரே துண்டைப் பகிரவிடு. அந்தப் பிள்ளைக்கு இது பெரிய துணை. ஒன்று மட்டும் நினைவில் வை: எல்லாப் பாடமும் துண்டாகாது. நீள்வகுத்தல் போல ஒரு படி தெரியாமல் அடுத்த படி புரியாத பாடத்தை ஜிக்சாவில் போட்டால் கடைசித் துண்டு வாங்கியவன் முழிப்பான்.

கணக்குக்கு இங்கே வேறு முறை பரவியிருக்கிறது. இதே மாகாணத்தில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பீட்டர் லில்யடால் ஆராய்ந்து சொன்னது. மூன்று பேர் கொண்ட குழு, யார் யாரோடு என்பதைப் பிள்ளைகள் கண்முன்னே சீட்டுக்கட்டைக் கலைத்துத் தீர்மானிப்பார்கள். யாரும் உட்காருவதில்லை. சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் நின்றபடி எழுதுவார்கள். குழுவுக்கு ஒரே பேனா. பேனா பிடித்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்ற இருவர் சொல்வதை எழுத வேண்டும். சில நிமிஷத்துக்கொரு முறை பேனா கை மாறும். வெள்ளைப் பலகை இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடி போதும், சுவரில் கரும்பலகை வண்ணம் பூசிச் சாக்பீஸ் கொடுத்தாலும் போதும். எழுதினதை அழிக்க முடியும் என்பதால்தான் பிள்ளைகள் துணிந்து தொடங்குகிறார்கள். நோட்டில் என்றால் தப்பாகிவிடுமோ என்று பேனாவைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். நடுவில் நின்று பார்த்தால் அத்தனை குழுவின் வேலையும் உன் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கு எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். 24 சதுர ஓடுகளை வைத்து எத்தனை விதமான செவ்வகம் அமைக்கலாம், எதன் சுற்றளவு மிகக் குறைவு? 1×24 என்றால் சுற்றளவு 50, 2×12 என்றால் 28, 3×8 என்றால் 22, 4×6 என்றால் 20. முடித்த குழுவுக்கு 36 கொடு, 6×6 வந்து நிற்கும். அதையும் முடித்தால் 23. ஒரே ஒரு செவ்வகம்தான் வருகிறது, சுற்றளவு 48. ஏன் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடு. பகா எண்ணைப் பற்றிய பாடத்தை அவர்களே தொடங்கிவிடுவார்கள். சிக்கிக்கொண்ட குழுவுக்கு விடை சொல்லாமல் பக்கத்துப் பலகையைப் பார்க்கச் சொல். இந்த வகுப்பில் அது காப்பியடித்தல் ஆகாது. "டீச்சர், இது சரியா?" என்று வந்தால் உடனே தலையாட்டாதே, தலையாட்டிய நொடியில் யோசனை நின்றுவிடும். முடிவில் எல்லாப் பலகையையும் சுற்றிவந்து பேசும்போது, மிகக் குறைவாக எழுதிய பலகையிலிருந்து தொடங்கு. சிறந்த பலகையில் தொடங்கினால் மற்றவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

தோழிகளோடுதான் நிற்பேன் என்று முதலில் முரண்டு பிடிப்பார்கள். தினமும் சீட்டுக் கலைத்தால் ஓய்ந்துவிடும். வாரம் ஒரு நாள் மட்டும் செய்தால் ஓயவே ஓயாது.

"நேரம் பார்ப்பவர்", "சாமான் எடுத்துத் தருபவர்" என்று குழுவில் பதவி கொடுப்பது பல பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடிகாரம் பார்க்கிற பிள்ளைக்கு யோசிக்காமல் இருக்கச் சட்டப்படி அனுமதி கொடுத்தது மாதிரி ஆகிறது. பதவி கொடுப்பதானால் சிந்தனையில் கொடு: "ஏன்?" என்று கேட்பவர், வேறு வழி உண்டா என்று தேடுபவர்.

படைப்பாற்றல் என்ற பெயரில் அட்டையும் பசையும் மினுமினுப்புத் தாளும் கொடுத்து மூன்று மணி நேரம் மாதிரி செய்யவைப்பதும் அப்படியே. அதில் பாடம் ஐந்து நிமிஷம், மீதி வெட்டி ஒட்டுதல். அதற்குப் பதில் கேள்வி நாற்காலி வை. ஒரு பிள்ளை ஆறாகவோ, இதயமாகவோ, ஒரு மன்னனாகவோ முன்னால் உட்காரும். மற்றவர்கள் முன்கூட்டியே ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதி வருவார்கள். "உன் இடப்பக்கச் சுவர் ஏன் தடிமன்?" என்று இதயத்தைக் கேட்டால், உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதான் என்று தெரிந்திருந்தால்தான் பதில் வரும். தெரியாவிட்டால் பின்னால் நிற்கும் இரண்டு துணையாளரைக் கேட்கலாம்.

மொழி தெரியாமல் புதிதாக வந்த பிள்ளையை இங்கே முதலில் தாய்மொழி தெரிந்தவரோடு ஜோடி சேர்க்கிறார்கள். யோசிப்பது எந்த மொழியிலும் நடக்கலாம். பேசத் தயங்குகிறவர்களுக்குச் சுவரில் தொடக்க வரிகள் எழுதி ஒட்டியிருக்கும்: "நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால்…", "எனக்கு அந்த இடம் புரியவில்லை, திரும்பச் சொல்கிறாயா?" உன் வகுப்பில் கூச்சப்படும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

சத்தத்தைப் பற்றி: சத்தமே வராமல் செய்ய முயலாதே, நிறுத்தும் வழியை மட்டும் முதல் நாளே பழக்கு. நீ கையை உயர்த்து. பார்த்தவர் தானும் உயர்த்திப் பேச்சை நிறுத்த வேண்டும். பாடம் எதுவும் இல்லாமல் இதை மட்டும் சில தடவை ஒத்திகை பார். கை தூக்கியபிறகு முழு அமைதி வரும்வரை ஒரு சொல்கூடப் பேசாதே. பாதி அமைதியில் நீ பேசத் தொடங்கினால் அந்த அடையாளம் அன்றோடு செத்தது.

குழுவுக்கென்று ஒரே மதிப்பெண் போடாதே. உழைத்தவளுக்குக் கோபம், உட்கார்ந்திருந்தவனுக்கு லாபம், பெற்றோரும் கேட்பார்கள். குழு வேலை முடிந்ததும் கால் தாளில் ஒரு கேள்விக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். குழுவையும் பாராட்ட வேண்டுமென்றால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் ஸ்லேவின் முறைப்படி, ஒவ்வொருவரும் தன் பழைய மதிப்பெண்ணைவிட எவ்வளவு ஏறினார் என்பதைக் கூட்டிப் பார். பின்தங்கிய பிள்ளை நான்கு மதிப்பெண் கூடுதலாக வாங்கினாலும் குழுவுக்கு லாபம் என்பதால் மற்றவர்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் இறக்காதே. முதல் இரண்டு வாரம் ஜோடிப் பேச்சு, கூடவே கை உயர்த்தும் பழக்கம். அது பதிந்தபிறகு ஐவகை நிலம். அதற்கு முன்னால் நீ போடப்போகும் ஐந்து துண்டுகளையும் படமெடுத்து அனுப்பு. எந்தத் துண்டு நீளம், எது குட்டை என்று பார்த்துச் சொல்கிறேன். துண்டுகள் சமமாக இல்லாவிட்டால் பாலைக்காரர்கள் சீக்கிரம் முடித்துவிட்டு மற்றவர்களைக் கலைப்பார்கள்.

அன்புடன்,
உன் தம்பி