கைப்பேசியில் நடக்கும் திருடன் போலீஸ்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் புதன்கிழமை மதிய இடைவேளை. எட்டாம் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பையனைக் கைகளைப் பின்னால் சேர்த்து ஷூ கயிற்றால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். சுற்றி நின்ற ஐந்து பேரும் அவனுடைய நண்பர்கள்தான். என்ன இது என்று கேட்டதற்கு, "அரெஸ்ட் பண்ணியிருக்கோம் டீச்சர்" என்றார்கள். முந்தின நாள் ராத்திரி கைப்பேசி விளையாட்டில் பேங்கைக் கொள்ளையடிக்கப் போன இடத்தில், அவன் கூட்டாளிகளை விட்டுவிட்டு வண்டியோடு ஓடிவிட்டானாம். கட்டப்பட்டவன் அழவில்லை, புகாரும் சொல்லவில்லை. "தப்பு என் மேலதான் டீச்சர்" என்றான். என்னால் தாங்க முடியாமல் போனது அந்த வார்த்தைதான். இரவு பதினொன்றரை மணிக்கு நடந்த பொய்க் கொள்ளைக்குப் பகலில் நிஜத் தண்டனையை ஒரு பிள்ளை வாங்கிக்கொள்கிறான்.

ஆறு பேரையும் நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எனக்கும் அதை ஆடிக் காட்டுங்கள் என்றேன். சனிக்கிழமை என் அறையில், என் கைப்பேசியிலேயே இரண்டு மணி நேரம் காட்டினார்கள். விளையாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இதுவரை தெரியாத பிள்ளைகளும் தேடி இறக்கிவிடுவார்கள். நேரில் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு பெரிய நகரம். அதில் சிறை, பேங்க், நகைக்கடை, எங்கு பார்த்தாலும் கார்கள். உள்ளே போனதும் நீ போலீசா, கைதியா என்று கேட்கிறது. கைதி சிறையிலிருந்து தப்பினால் குற்றவாளி. அவன் கொள்ளையடிக்க அடிக்க அவன் தலைக்கு வைத்த விலை ஏறிக்கொண்டே போகும். போலீசாக ஆடுகிறவன் அவனைப் பிடித்துவிட்டால் அந்தப் பணம் இவனுக்கு. எதிரில் ஓடுகிறவன் கம்ப்யூட்டர் பொம்மை இல்லை, எங்கோ ஓர் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள். பிள்ளைகளை ஈர்ப்பது இதுதான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே தயங்கும் ஒரு பையன், "நீ இடது பக்கம் வா, நீ பாலத்துக்கிட்ட நில்லு" என்று அவ்வளவு தெளிவாக மற்ற ஐந்து பேரையும் நடத்தினான். அவனுக்குள் அப்படி ஒரு திறமை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருடன் போலீஸ் நமக்குப் புதிதில்லை. ராஜா ராணி போலீஸ் திருடன் என்று சீட்டு எழுதி மடித்துப் போட்டு நீங்களும் ஆடியிருப்பீர்கள், நானும் ஆடியிருக்கிறேன். குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ், அந்தப் பக்கம் கேரளப் போலீஸ் என்று பார்த்து வளரும் பிள்ளைகள் போலீஸ் விளையாட்டு ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் தெருவில் ஆடியபோது திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். யாராவது ஒருவன் கையை முறுக்கினால், "விடுடா அவனை" என்று ஒரு குரல் வரும். விளக்கு வைக்கும் நேரமானால் ஆட்டம் தானாக முடியும். கைப்பேசிக்குள் இருக்கும் நகரத்தில் விளக்கு வைப்பதே இல்லை. திண்ணையும் இல்லை.

இந்த வகை விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2010-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் இருந்த ரியல்டைம் வேர்ல்ட்ஸ் என்ற நிறுவனம் 'ஏபிபி' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. சான் பாரோ என்ற கற்பனை நகரம், சட்டத்தின் பக்கம் ஒரு கூட்டம், குற்றவாளிகள் ஒரு கூட்டம், எல்லாருமே நிஜ ஆட்கள். ஐரோப்பாவில் அதற்குக் கொடுத்த வயது முத்திரை 18. ஜூன் கடைசியில் தொடங்கியது, ஆகஸ்டில் நிறுவனம் நொடித்தது, செப்டம்பர் 16-ல் நகரத்தையே மூடிவிட்டார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் அத்தனை நாள் சேர்த்த துணிமணி, கார், துப்பாக்கி எதுவும் கையில் இல்லை. அப்புறம் வேறொரு நிறுவனம் அதை வாங்கி 2011-ல் இலவசம் என்று திறந்தது. நகரத்துக்குள் நுழையத்தான் இலவசம், உள்ளே பொருள்களுக்குக் காசு. 'ஃப்ரீ கேம்தான் டீச்சர்' என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

நம் பள்ளியிலேயே ஒரு வீட்டில் 1,900 ரூபாய் போயிருக்கிறது. விளையாட்டில் ஒரு கார் வாங்க, அந்த வீட்டுப் பையன் அப்பா போனில் பணம் அனுப்பும் பின் நம்பரைப் பார்த்து வைத்திருந்து போட்டிருக்கிறான். அந்த அப்பா மலையில் மூன்று நாள் ஏலக்காய் எடுத்து வாங்கிய கூலி அது. பையன் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் தயவுசெய்து பெல்ட்டை எடுக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைத்துச் செய்யப் பழகிக்கொள்ளும்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. இன்னொரு பையனோடு தினமும் மைக்கில் மலையாளத்தில் பேசி ஆடும் ஒருவன், தனக்குப் பதினான்கு வயது என்று சொல்லியிருக்கிறான். குரலைக் கேட்ட பிள்ளைகளே "பெரிய ஆள் மாதிரி இருக்கு டீச்சர்" என்கிறார்கள். அந்த ஆளுக்கு நம் பள்ளியின் பெயர் தெரியும். அம்மாவும் அப்பாவும் எத்தனை மணிக்கு வேலைக்கு ஜீப் ஏறுகிறார்கள், வீட்டில் அதற்குப் பிறகு யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். எல்லாம் நம் பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததில்லை. விடியும் முன்னே கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறிவிட்டு, இருட்டும் நேரத்தில் இடுப்பு வலியோடு இறங்குகிறீர்கள். அதற்கு மேல் பிள்ளையின் கையில் இருக்கும் போனைப் பார்க்கத் தெம்பு எங்கே இருக்கும்? பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. 2020-ல் கொரோனா காலத்தில் பாடத்துக்காகப் போன் வாங்கிக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது நாங்கள்தான். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். இந்தத் திங்கள் முதல் அது நிற்கிறது. எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கரும்பலகையில் எழுதப்படும், பிள்ளைகள் டைரியில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆகவே "ஹோம்வொர்க் பார்க்க போன் வேணும்" என்று இனி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஆன்லைன் கேமைத்தான் தடை செய்துவிட்டார்களே, போலீசில் சொல்லலாமே என்று சிலர் கேட்டீர்கள். 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டம் பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் விளையாட்டுகளுக்கானது. பிள்ளைகள் ஆடும் இது அதில் வராது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். பின் நம்பரை மாற்றுங்கள், பிள்ளை பார்க்கும்போது அழுத்தாதீர்கள். விளையாட்டில் மைக்கையும், எழுதிப் பேசும் சாட் வசதியையும் எப்படி அணைப்பது என்று தெரியாவிட்டால் போனைப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள், நானே செய்து தருகிறேன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். தெரியாத ஆள் யாராவது போட்டோ கேட்டாலோ, தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டாலோ குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளின் டைரியில் எழுத வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒன்று. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டைப் பாருங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை. இவன் யார், அவன் ஏன் ஓடுகிறான், யாரோடு பேசுகிறாய் என்று கேளுங்கள். பாட்டி வீட்டில் இருந்தால் பாட்டியே உட்காரலாம்.

வேப்பமரத்தடியில் நின்ற ஆறு பேரின் வீட்டுக்கும் நான் நேரில் வருகிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் வருவேன், யாரும் இதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டாம். மற்ற எல்லாருக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக் கூடத்தில் கூட்டம். வேலைக்கு விடுமுறை நாள் என்பதால்தான் ஞாயிறு வைத்திருக்கிறோம். போனையும் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். அந்த ஆறு பையன்களும் உங்கள் முன்னால் ஆடிக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். கட்டப்பட்டிருந்தவன் அன்றைக்குப் போலீசாக ஆடுவேன் என்று கேட்டிருக்கிறான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்