சுற்றி வரும் கடிதம்

லான்காஸ்டர், பென்சில்வேனியா
அக்டோபர் 12

அன்புள்ள சேகர்,

போன வாரம் போனில் கேட்டாயே, "தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதில் கடிதம் எதற்குடா?" என்று. அன்றைக்குச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கே சோள அறுவடை நடக்கிறது. ஆமிஷ் குடும்பங்கள் கோவேறு கழுதைகளைப் பூட்டி வேலை செய்கிறார்கள். 1693-ல் யாக்கோப் அம்மான் என்பவரின் பின்னால் தனியாகப் பிரிந்துபோன கிறிஸ்தவர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்து தானாகக் கேட்கிறவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்காக இவர்களின் முன்னோர்கள் ஐரோப்பாவில் உயிரையே விட்டிருக்கிறார்கள். இன்று ஐரோப்பாவில் ஒரு ஆமிஷ் சபைகூட இல்லை. வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

நான் முட்டை வாங்கும் பண்ணையில் வீட்டைத் தாண்டி, மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், மரப்பலகையில் அடித்த ஒரு சின்ன அறை உண்டு. கழிப்பறை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உள்ளே போன்! பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று அதில் எழுதிவைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்கும் அந்த ஒரு போன்தான்.

வீட்டுக்குள் போன் வேண்டாம் என்று இந்தப் பக்கத்துச் சபைகள் 1910 வாக்கில் முடிவு செய்தன. போன் பாவமான பொருள் என்பதால் இல்லை. அது வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒருவர் வாசலுக்கு ஒருவர் வரமாட்டார், முகம் பார்க்காமல் வம்பு பேசுவது சுலபமாகிவிடும் என்ற பயம். ஆனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், வியாபாரமும் நடக்க வேண்டும். அதனால் வெளியே நிற்கட்டும் என்று விட்டார்கள். இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு ஒர்ட்னுங் என்று பெயர். வருடத்தில் இரண்டு முறை, திருவிருந்துக்கு (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் சடங்கு) முன்னால், சபையே கூடிப் பேசி ஒத்துப்போக வேண்டும். மனத்தாங்கல் தீரவில்லை என்றால் திருவிருந்தையே தள்ளிப்போடுவார்கள். கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலரிடம் இப்போது செல்போன் இருக்கிறது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். ஒஹாயோவில் சுகர்க்ரீக் என்ற ஊரிலிருந்து 1890 முதல் 'தி பட்ஜெட்' என்று ஒரு வாரப் பத்திரிகை வருகிறது. அதில் பெரும்பாலும் ஊர் ஊராக ஆமிஷ்காரர்கள் எழுதும் கடிதங்கள்தான். எங்கே மழை, யாருக்குக் குழந்தை, யார் ஏணியிலிருந்து விழுந்தார், ஞாயிறு ஆராதனை யார் வீட்டில் என்று. அவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது, முறை வைத்து வீடுகளில்தான் கூடுகிறார்கள்.

போன சனிக்கிழமை அந்தப் பண்ணைப் பாட்டி மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, அன்று தபாலில் வந்த ஒரு தடித்த உறையைக் காட்டினார். சுற்றுக் கடிதமாம். இளவயதில் பள்ளி ஆசிரியைகளாக இருந்த பத்துப் பேர், வெவ்வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள். உறை வந்ததும் எல்லார் கடிதத்தையும் படித்துவிட்டு, தான் போன முறை எழுதியதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பத்துக் கையெழுத்து, பத்து வகைத் தாள். ஒரு கடிதத்தில் எழுத்து நடுங்கியிருந்தது. அதன்மேல் விரலை வைத்து, "இவளுக்கு உடம்பு சரியில்லை" என்றார். அந்தத் தோழி அதை எழுதவில்லை, எழுத்தே சொல்லிவிட்டது.

இவர்களிடம் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. பிள்ளைகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு அனுமதித்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த வீட்டுப் பேத்திக்குப் பதின்மூன்று வயது. எத்தனை டஜன் வாங்கினாலும் காகிதம் இல்லாமல் கணக்குச் சொல்வாள். என் மகள் வயதுதான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. ஆனால் ஒரு பொருளை வீட்டுக்குள் விடுவதற்கு முன் நாலு பேர் கூடி யோசிக்கிறார்களே, அதை நாம் ஒருநாளும் செய்ததில்லை.

பாலுவின் மனைவி இறந்த செய்தி நம் குரூப்பில் வந்தது. எல்லோரும் கைகூப்பும் படம் போட்டோம். நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன். அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏழு மாதம் ஆகிறது.

அதனால் ஒன்று செய்வோம். நீயும் இரண்டு பக்கம் எழுதி, இதோடு சேர்த்து ஒரே உறையில் பாலுவுக்கு அனுப்பு. அவனுடையதையும் வைத்து ரஷீதுக்கு அனுப்பட்டும். ரஷீத் எனக்கு அனுப்பினால் போதும், நான் இதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி வைக்கிறேன். பாலு இப்போது பழைய வீட்டில் இல்லை, மகளோடு இருக்கிறான். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
கணேசன்