வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: போரிஸ் வியானோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக்குழுவினருக்கும், இன்று வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பாரிஸில் பதிவாகியுள்ள நமது வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழமைபோல் நடைபெற்றது. சிறுவர் பேச்சுப்போட்டி நடைபெற்றுப் பரிசுகள் வழங்கப்பட்டன. வாணி விழா, மண்டபம் கிடைக்காமையால் ஒரு வாரம் பிந்தியது.

ஆண்டின் முதன்மைப் பணி, பிரெஞ்சு எழுத்தாளர் போரிஸ் வியானின் படைப்புகளை மாதந்தோறும் வாசித்து விவாதித்த தொடராகும். சென்ற பொதுக்கூட்டத்தில் இதற்குக் கையுயர்த்திய சிலரே பின்னர், தமிழ் வட்டம் ஒரு பிரெஞ்சுக்காரருக்காக ஓராண்டைச் செலவிடுவதா என்று வெளியில் பேசியதாக அறிந்தேன். நேரில் எவரும் கேட்கவில்லையாதலால் மறுமொழியை இங்கேயே பதிவு செய்கிறேன்.

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து இரண்டாம் இலக்க மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் பிளான்ஷ். அங்கே மூலான் ரூஜ் கேளிக்கையரங்கின் பின்புறம் சித்தே வெரோன் என்னும் சந்தில்தான் வியான் 1953 முதல் இறக்கும்வரை குடியிருந்தார். கவிஞர் ழாக் பிரெவேர் அவருடைய அயலவர், இருவர் வீட்டுக்கும் மொட்டைமாடி ஒன்றே. நம்மில் பலர் வேலைக்குப் போய்வரும் வழியில் வாழ்ந்த ஓர் எழுத்தாளரை அயலார் என்று ஒதுக்குவது எவ்வகையில் நியாயம் என்பதை உறுப்பினர்களே தீர்மானிக்கலாம்.

1920இல் வில்-தாவ்ரேயில் பிறந்த வியான் படிப்பால் பொறியியலாளர். பகலில் அஃப்னோர் எனும் தர நிர்ணய நிறுவனத்தில் கண்ணாடிப் பொருட்களுக்கு அளவு வகுத்தார். இரவில் குளோத் அபாதியின் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்தார். பாட்டெழுதினார், ஓவியம் தீட்டினார், படங்களை வெட்டி ஒட்டிப் புதுப்படங்கள் செய்தார். பல துறைகளில் கைவைப்பவருக்கு எதிலும் ஆழமிராது என்று முதற்கூட்டத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் கருத்துரைத்தார். 1947இல் வெளியான 'லெக்யூம் தே ஜூர்' நாவலை வாசித்தால் அக்கருத்து நிலைக்காது என்பதே என் வாதமாக இருந்தது, இருக்கிறது. அந்நாவலில் ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் இசைத்தட்டு சுழலச் சுழல அறையின் மூலைகள் வளைந்து அறையே உருண்டையாகிறது. பியானோவின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மதுவகை பொருத்தப்பட்டு, வாசித்த பாட்டுக்கேற்ற பானம் கிண்ணத்தில் இறங்குகிறது. நாயகி குளோயியின் நுரையீரலில் அல்லி முளைத்து அவள் நோய் முற்ற முற்ற வீடு சுருங்கிச் சன்னல்கள் ஒடுங்குகின்றன. இசைக் காதும் ஓவியக் கண்ணும் பொறியியலாளரின் கணக்கும் ஒரே கையில் இருந்திராவிட்டால் இப்பக்கங்கள் எழுதப்பட்டிரா. நாயகியின் பெயரே டியூக் எல்லிங்டன் குழு வாசித்த பாடல் ஒன்றிலிருந்து வருவது. நூலாகுமுன் கையெழுத்துப் படியாகப் பிளெயாத் பரிசுக்குப் போட்டியிட்ட இந்நாவலைத் தேர்வுக்குழு 1946இல் தள்ளிவிட்டு, ழான் குரோழானின் கவிதைகளுக்குப் பரிசளித்தது. 2010இல் கலிமார் பதிப்பகம் அதே பிளெயாத் பெயரைத் தாங்கிய தன் வரிசையில் வியானின் நாவல்களை முழுமையாக வெளியிட்டது. ஒரு தெரிவு சரியா என்பதை அவ்வாண்டின் வருகைப்பதிவேட்டை வைத்து முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வருகைப்பதிவேட்டைக் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வெர்னன் சலிவன் என்ற இல்லாத அமெரிக்கரின் பெயரில் வியான் 1946இல் வெளியிட்டு, ஒழுக்கக்கேடானது என்று 1950இல் ஒரு லட்சம் பிராங்க் தண்டம் விதிக்கப்பட்ட நாவலைப் பேசிய மாதத்தில் மட்டும் நாற்காலிகள் போதவில்லை. அதற்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் மண்டபத்துக்குக் கொடுத்த வாடகை, வந்தவர்களைவிட வராதவர்களுக்காகவே கொடுத்ததாகத் தோன்றியது. வர இயலாதோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையைப் பெரும்பாலோர் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் 'ல தெசெர்த்தர்' பாடலுக்கு ஒதுக்கிய கூட்டம் இவ்வட்டத்தின் தரத்துக்குச் சான்று. போருக்குப் போக மறுக்கும் ஒருவன் குடியரசுத் தலைவருக்கு எழுதும் கடிதமாக அமைந்த இப்பாடலை, வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் பூ வீழ்ந்த 1954 மே 7ஆம் நாளன்றே பாடகர் முலூஜி முதன்முதலாகப் பாடினார். வியான் முதலில் எழுதிய முடிவில், தன்னிடம் ஆயுதமுண்டு, சுடவும் தெரியும் என்று அம்மனிதன் எச்சரிக்கிறான். முலூஜியின் வேண்டுகோளுக்கிணங்க, தான் ஆயுதம் ஏந்தப்போவதில்லை, விரும்பினால் என்னைச் சுடலாம் என்று அது மாறியது. போர் காரணமாக ஊரைவிட்டு வந்தவர்கள் நிறைந்த நம் கூட்டத்தில், எந்த முடிவு நேர்மையானது என்பதில் இணக்கம் ஏற்படவில்லை. இரு தரப்பினரும் தம் பிள்ளைகளின் வயதைச் சொல்லிப் பேசினார்கள். மண்டபப் பொறுப்பாளர் விளக்கை அணைக்கத் தொடங்கிய பிறகே கலைந்தோம். இப்படியொரு விவாதம் பட்டிமன்றங்களில் வாய்த்ததாக எனக்கு நினைவில்லை.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழச் சமநிலையில் உள்ளன. சிறு பற்றாக்குறை நிர்வாகக்குழுவினர் சிலரின் கைப்பணத்தால் ஈடுசெய்யப்பட்டது. சந்தா நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்கும் வழக்கம் நமக்கில்லை. அவ்வழக்கம் தொடர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

தலைவர், பொருளாளர், சிற்றுண்டி தயாரித்த சகோதரிகள், ஒலிபெருக்கி தந்துதவிய அன்பர் ஆகியோருக்கு நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வியானின் இதயநோய்க் காலத்து எழுத்துகளையும், ட்ரம்பெட்டை மருத்துவர்கள் தடுத்தபின் அவர் எழுதிக் குவித்த பாடல்களையும் எடுத்துக்கொள்ளும் திட்டம் என்னிடம் உண்டு. இத்திட்டத்தைத் தொடர்வதா, வேறொருவர் செயலாளராகி வேறு வழி காண்பதா என்பதை இன்றைய தேர்தல் முடிவு செய்யட்டும். எனக்கு எதுவும் மனக்குறையில்லை. நமது யாப்பின்படி நடப்பாண்டுச் சந்தாவைச் செலுத்தியோர்க்கே வாக்குரிமை உண்டு. பொருளாளர் வாசலருகே பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார்.

செயலாளர்