காவல் கொட்டிலில் இருந்து மகளுக்கு

முத்தையன்கட்டு,
மாசி மாதம்.

அன்பு மகள்,

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு ஒழுங்காய்ப் பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. சில விஷயங்களை எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும்.

வேற்றுலகத்தார் யாராவது இருந்து, ஒருநாள் எங்களோடு தொடர்பு வந்தால், அது கேடாய்த்தான் முடியுமா என்று கேட்டாய். தொலைநோக்கி வேலையில் உன்னோடு இருப்பவர்களில் பாதிப்பேர், அவ்வளவு தூரம் தாண்டி வரக்கூடியவர்கள் சண்டை பிடிக்கும் வயதை எப்போதோ கடந்திருப்பார்கள் என்கிறார்களாம். மற்றப் பாதிப்பேர், வாயைத் திறக்காமல் இருப்பதே புத்தி என்கிறார்களாம். "உங்களுக்கு ஆட்கள் வந்தால் எப்படியிருக்கும் என்று தெரியுந்தானே அப்பா" என்று சொன்னாய். ஒரு கிழமையாய் அந்தச் சொல் மனதில் கிடக்கிறது.

காலபோக நெல் கதிர் முற்றி நிற்கிறது. ஒவ்வொரு இரவும் கொட்டிலில்தான் படுக்கை. செவ்வாய் இரவு ஒரு தனியன் யானை வந்தது. காட்டோரத்தில் நெடுநேரம் அசையாமல் நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் டோர்ச்சை அணைத்துவிட்டு இருந்தேன். பக்கத்து வயல் பெடியன் பயந்துபோய் யானை வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டான். அது திரும்பிக் காட்டுக்குள் போகவில்லை. நேரே அவனுடைய கொட்டிலை நோக்கி வந்தது. பெடியன் வாய்க்காலுக்குள் குதித்துத் தப்பினான். கொட்டில் போய்விட்டது, என் வயலில் கால் ஏக்கர் போய்விட்டது.

விடிந்ததும் வரம்பில் நின்று பார்த்தேன். அந்த யானைக்கு எங்களில் என்ன கோபம்? அது தன் வழியால் வந்தது. குளத்துக்குக் கீழே உன் பூட்டன் காடு வெட்டியபோது, இதற்குள் யானைக்கு ஒரு பாதை இருக்கும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார். எறும்புக்கும் அரிசிமா போடுகிற மனிதர் அவர். பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் அந்தக் காட்டுக்கு வேற்றுலகத்தார் அவர்தான். வருகிறவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று உன் நண்பர்கள் வாதாடுகிறார்களே, அந்தக் கேள்வியில்தான் எனக்குக் குறை தெரிகிறது. நல்ல மனிதர் ஒருவர் கோடரியோடு வந்து, அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். எங்கள் வீட்டுச் சோறு அப்படித்தான் வந்தது.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் 2010இல் எச்சரித்ததை நீதான் எனக்குச் சொன்னாய். வேற்றுலகத்தார் வந்தால், கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கியது அங்கிருந்த மக்களுக்கு எப்படி முடிந்ததோ அப்படி முடியலாம் என்றார். அது சரியான உதாரணம்தான், ஆனால் எல்லாரும் அதில் பொன்னாசையையும் வாளையும்தான் பார்க்கிறார்கள். பொன்னாசை இருந்ததுதான், அடிமை பிடித்ததும் உண்மைதான். ஆனால் 1520இல் மெக்சிக்கோவில் பரவிய பெரியம்மையை யாரும் திட்டம் போட்டுக் கொண்டு போகவில்லை. அது மூச்சோடு போனது. வேற்றுலகக் கிருமி எங்கள் உடம்பில் ஒட்டுவது கடினம் என்று நீ சொன்னாய், சரி. ஆனால் மூச்சோடு போகிற வேறு எத்தனை விஷயம் இருக்கிறது, நாங்கள் இன்னும் பெயர் வைக்காதவை.

எங்கள் தீவிலும் இப்படி ஒரு நாள் நடந்தது. 1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கியபோது, பார்த்தவர்கள் ஓடிப்போய் கோட்டை இராச்சியத்து அரசனிடம் சொன்னார்களாம்: வெள்ளையாய் ஒரு சனம் வந்திருக்கிறது, இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்டிருக்கிறது, ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் நடக்கிறது, கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறது என்று. கல் என்றது பாணை. இரத்தம் என்றது திராட்சை மதுவை. சொன்னவன் பொய் சொல்லவில்லை மகள். கண்டதைத் தனக்குத் தெரிந்த சொல்லில் சொன்னான். வானத்திலிருந்து ஏதாவது வந்தால் நாங்களும் இப்படித்தான் முதலில் விளங்கிக்கொள்வோம், அவர்களும் எங்களை இப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிங்களத்தில் ஒரு பழமொழியாகவே வைத்திருக்கிறார்கள், பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், கோட்டைக்குப் போன மாதிரி என்று. அரசனின் ஊர் துறைமுகத்திலிருந்து கொஞ்சத் தூரம்தான். அது தெரியக்கூடாதென்று வந்தவர்களை மூன்று நாள் காடுமேடெல்லாம் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்களாம். ஆனால் கப்பலில் நின்றவர்கள் இடைக்கிடை பீரங்கி வெடித்துக்கொண்டே இருந்தார்கள். சுற்றிப் போனவர்களுக்குச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. தூரம் போகவில்லை என்று பிடித்துவிட்டார்கள். இருக்கிற இடத்தை மறைக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அந்த முதல் நாளில் ஒரு கேடும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைப்பேன். அன்றிலிருந்து, கற்சிலைமடுவில் எங்கள் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற 1803 வரைக்கும் கிட்டத்தட்ட 300 வருடம். முதல் சந்திப்பு என்றால் ஒரு நாள், ஒரு கைகுலுக்கல் என்று பேசுகிறார்கள். எங்களுக்கு அது பத்துத் தலைமுறை எடுத்தது.

மறைந்திருப்பது பற்றி எனக்குத் தெரியும், உனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். யுத்த காலத்தில் வண்டு என்கிற வேவு விமானம் மேலே சுற்றுகிற சத்தம் கேட்டால் அம்மா அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவா. புகை தெரியக்கூடாது, வெளிச்சம் தெரியக்கூடாது. அதனால் வாயைத் திறக்காமல் இருப்போம் என்று சொல்பவர்களின் பயத்தை நான் ஒருநாளும் சின்னதாக நினைக்க மாட்டேன். ஆனால் இந்தப் பூமியின் அடுப்பை யாரால் அணைக்க முடியும்? காற்றில் ஒட்சிசன் சேர்ந்து 200 கோடி வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிற யாரும் அதைப் பார்த்தே இங்கே உயிர் இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். எங்கள் புகை எப்போதோ தெரிந்துவிட்டது.

ஆனால் புகை தெரிவது வேறு, படலையில் நின்று ஊருக்காகக் கூப்பிடுவது வேறு. என் மனம் நோவது இந்த இரண்டாவதில்தான். 1974 கார்த்திகையில் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு செய்தியை எம்13 என்ற விண்மீன் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அது போய்ச் சேர ஏறக்குறைய 25,000 வருடம் ஆகும், அதனால் கவலை குறைவு. அப்போதே மார்ட்டின் ரைல் என்ற வானியலாளர் இது ஆபத்து என்று எதிர்த்தார். 2017இல் வட நோர்வேயிலிருந்து லூய்ட்டன் விண்மீனுக்கு அனுப்பியது அப்படியல்ல. அது 12 ஒளியாண்டு தூரம்தான். அங்கே யாராவது இருந்து உடனே பதில் போட்டால் 2042 அளவில் வந்து சேரும். உன் மகனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகாது. யாரைக் கேட்டு அனுப்பினார்கள்? வேற்றுலகத்திலிருந்து சைகை கிடைத்தால் உலக நாடுகளோடு கலந்துபேசாமல் பதில் அனுப்புவதில்லை என்று 1989இல் விஞ்ஞானிகள் ஒரு உடன்பாடு எழுதினார்கள். அது சட்டமும் இல்லை. முந்திக்கொண்டு கூப்பிடுபவனை அது தடுக்கவும் இல்லை.

வொயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டு உனக்குத் தெரியும். 1977இல் 55 மொழிகளில் வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். சுமேரியம் இருக்கிறது. அந்த மொழியைப் பேச ஒருவரும் உயிரோடில்லை. சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன. தமிழ் இல்லை. இதை முதலில் அறிந்த அன்று எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. யாரும் வேண்டுமென்று விடவில்லை. அவசர அவசரமாய், கையெட்டும் தூரத்தில் கிடைத்தவர்களைக் கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டு மனித குலத்தின் பெயரில் 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் அதில் இல்லை. அடுத்த முறை கூப்பிடும்போது இந்த வன்னியில் யாரையாவது கேட்பார்களா? எங்களுக்காக யாரோ பேசி, யாரோ கையெழுத்துப் போட்டு, பிறகு வந்ததை நாங்கள் சுமந்த கதை உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால் என் பதில் இதுதான் மகள். கேட்டுக்கொண்டிருங்கள், எவ்வளவு காலம் வேண்டுமானாலும். எல்லாரையும் கேட்காமல் கூப்பிடாதீர்கள். நீ சின்னப்பிள்ளையாய் இருந்தபோது பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி அயல் முழுக்க இருந்து செய்தி கேட்கும். ஒரு சொல்லும் நாங்கள் வெளியே அனுப்பியதில்லை. எங்கே சண்டை, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் பிழைத்தோம். இப்போது நீ மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில், வானத்தைக் கேட்கிற ரேடியோத் தொலைநோக்கிக்காக 1,31,072 அன்ரனாக்களை நிறுத்துகிற வேலையில் இருக்கிறாய். ஆளுயர நத்தார் மரங்கள் மாதிரி என்று படம் அனுப்பினாய். அம்மா அதை அயலுக்கெல்லாம் காட்டித் திரிகிறா. எனக்கு அது நான் சுற்றிய டைனமோவின் பேத்தி மாதிரித் தெரிகிறது.

அங்கே இன்னொன்றும் நடந்திருக்கிறது என்று சொன்னாய், அதுதான் எனக்கு ஆறுதல். அந்த நிலத்துக்குரிய வஜாரி மக்களோடு 2022இல் உடன்படிக்கை எழுதியபிறகுதான் வேலை தொடங்கியது என்றும், அவர்கள் நிலத்தில் நடந்து பார்த்துச் சொன்ன இடங்களை விட்டு விலகி அன்ரனாவுக்கு இடம் குறித்தார்கள் என்றும். வானத்தையும் விண்மீன்களையும் பகிர்ந்துகொள்வது என்ற பொருளில் அவர்கள் மொழியிலேயே அந்த இடத்துக்குப் பெயர். முதன்முதலில் ஆடுமாடு ஓட்டிக்கொண்டு அங்கே வந்தவர்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை நீ அந்தப் பக்கம் போகும்போது, அவர்களில் வயதான ஒருவரோடு கதைக்க வசதி வந்தால், மரியாதையாய்க் கேட்டுப் பார். வெள்ளைக்காரரைக் கண்ட முதல் நாளைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்று. சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே. சொன்னால் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எனக்கு எழுது.

அடுத்த கிழமை அறுவடை மெசின் வருகிறது. அம்மா ஒடியல்மாவும் மோர்மிளகாயும் பார்சல் போட்டிருக்கிறா. பேரனுக்கு என் முத்தம்.

அப்பா