காஸ்தியா எதற்காக ஆடுகிறது?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து அப்பா கம்பு ஊன்றாமல் வாசல் வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வீட்டுக்குள்ளேயே ஸ்பானிஷில் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா தமிழில்தான் பதில் சொல்கிறாள்.

மாட்ரிட்டில் இருந்துகொண்டு, ரியல் மாட்ரிட் ஃபுட்பால் க்ளப்பின் பெரிய மைதானமான பெர்னபேயுவுக்குப் போகாமல், அதன் இரண்டாம் அணியான காஸ்தியாவைப் பார்க்கப் போகிறாயே, ஜெயித்தாலும் மேலே போக முடியாத அணி எதற்காக ஆடுகிறது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்பெயினில் பெரிய க்ளப்புகளின் இரண்டாம் அணிகள் தங்களுக்குள் தனி லீக் வைத்து ஆடுவதில்லை. மற்ற ஊர்களின் முதல் அணிகளோடு, அதே பட்டியலில், ஏறி இறங்கி ஆட வேண்டும். தாய் அணி இருக்கும் டிவிஷனுக்குள் மட்டும் நுழையக் கூடாது. ரியல் மாட்ரிட் எப்போதும் முதல் டிவிஷனில்தான் இருக்கிறது என்பதால், காஸ்தியாவுக்கு இரண்டாம் டிவிஷன்தான் உச்சம். 2014-ல் அங்கிருந்தும் இறங்கிவிட்டார்கள்.

1983-84 சீசனைப் பார். இரண்டாம் டிவிஷனில் காஸ்தியா முதலிடம். இரண்டாவது இடத்தில் பில்பாவோ அத்லெட்டிக், அதுவும் அத்லெட்டிக் பில்பாவோ க்ளப்பின் இரண்டாம் அணிதான். இருவருக்கும் கதவு மூடியிருந்ததால் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருந்த எர்குலேஸ், ராசிங், எல்சே மூன்றும் மேலே போயின. ஆனால் அந்த காஸ்தியாவின் பையன்கள் கீழேயே நின்றுவிடவில்லை. 1984 பிப்ரவரி 5-ல் காதிஸ் ஊரில் ரியல் மாட்ரிட் 2-0 என்று பின்தங்கிக் கிடந்தது. அப்போதைய கோச் தி ஸ்தெஃபானோ, காஸ்தியாவிலிருந்து அழைத்து வந்திருந்த புத்ராகேன்யோவை உள்ளே இறக்கினார். முதல் ஆட்டம். பையன் இரண்டு கோல் அடித்தான், மாட்ரிட் 3-2 என்று ஜெயித்தது. சான்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ், மிச்செல், பார்தேசா என்று அவனோடு வந்தவர்களையும் சேர்த்து ஊரே இன்றுவரை அந்தத் தலைமுறையைக் கொண்டாடுகிறது. அணி மேலே போகவில்லை, ஆட்கள் போனார்கள்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது 1980 கதை. அந்தக் காலத்தில் இரண்டாம் அணிகளும் கோபா தெல் ரே, அதாவது அரசர் கோப்பையில் ஆடலாம். இரண்டாம் டிவிஷன் அணியான காஸ்தியா அந்த வருஷம் முதல் டிவிஷன்காரர்கள் நான்கு பேரை வரிசையாக வெளியே அனுப்பியது: எர்குலேஸ், அத்லெட்டிக் பில்பாவோ, ரியல் சோசியதாத், ஸ்போர்ட்டிங் கிஹோன். இதில் சோசியதாத் அந்த சீசன் லீக்கில் இரண்டாவது, ஸ்போர்ட்டிங் மூன்றாவது. ஸ்போர்ட்டிங்கிடம் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் தோற்று வந்து, மாட்ரிட்டில் திருப்பி அடித்தார்கள். ஜூன் 4-ல் ஃபைனல், இடம் பெர்னபேயு. எதிரே நிற்பது யார்? ரியல் மாட்ரிட்! ஒரே க்ளப், ஒரே மைதானம், இரண்டு பக்கமும் நம் ஆட்கள். 6-1 என்று பெரியவர்கள் ஜெயித்தார்கள். கோல் அடித்தவர்களில் ஒருவர் விசென்தே தெல் பாஸ்கே. பின்னாளில் காஸ்தியாவுக்கே கோச்சாகி, 2010-ல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் கலந்து நின்று கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டன. அந்தப் படத்தில் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று முகத்தை வைத்துச் சொல்வது கஷ்டம்.

கதை அதோடு முடியவில்லை. ரியல் மாட்ரிட் லீக்கையும் ஜெயித்து, லீக் சாம்பியன்களுக்கான ஐரோப்பியக் கோப்பைக்குப் போய்விட்டதால், நாட்டுக் கோப்பைகளை ஜெயித்தவர்கள் ஆடும் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பைக்கான ஸ்பெயினின் இடம் ஃபைனலில் தோற்ற காஸ்தியாவுக்கு வந்தது. ஒரு ரிசர்வ் அணி ஐரோப்பாவில்! முதல் சுற்றில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம். மாட்ரிட்டில் காஸ்தியா 3-1 என்று ஜெயித்தது. அங்கே வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் செய்த கலாட்டாவுக்குத் தண்டனையாக, லண்டனில் இரண்டாவது ஆட்டம் ரசிகர்கள் இல்லாமலே நடந்தது. உள்ளே அனுமதித்த வெறும் 262 பேர் முன்னால், 90 நிமிடம் முடியும்போது வெஸ்ட் ஹாமுக்கு 3-1. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 4-4. எக்ஸ்ட்ரா டைமில்தான் வெஸ்ட் ஹாம் இன்னும் இரண்டு அடித்து 5-1 என்று முடித்தது. டேவிட் கிராஸ் மட்டும் மூன்று கோல்.

1990-91 முதல் இரண்டாம் அணிகளுக்கு அரசர் கோப்பையிலும் தடை வந்துவிட்டது. இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. லீக் தடை நியாயம். ஒரே முதலாளியின் இரண்டு அணிகள் ஒரே லீக்கில் இருந்தால், சீசன் கடைசியில் ஒன்றுக்குப் புள்ளி தேவைப்படும்போது மற்றது எப்படி ஆடும் என்று யாரும் சந்தேகப்படுவார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கோப்பை அப்படியா? தோற்றால் வெளியே, அவ்வளவுதான். இரண்டு அணிகளும் மோதிக்கொண்டாலும் 1980-ல் நடந்தது போல ஊரே பார்க்க நடக்கும். இருபது வயசுப் பையனுக்குப் பெரிய அணியை எதிர்த்து நிற்க இருந்த ஒரே வழியை அடைத்தது தப்பு என்றுதான் சொல்வேன்.

இதைவிடக் கொடுமை வில்லாரியல் க்ளப்பின் இரண்டாம் அணியான வில்லாரியல் பி-க்கு நடந்தது. 2011-12-ல் அவர்கள் இரண்டாம் டிவிஷனில் தங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். மேலே, முதல் டிவிஷனின் கடைசி நாளில், அத்லெட்டிகோ மாட்ரிட்டின் ஃபால்காவோ 88-வது நிமிடத்தில் அடித்த கோலில் வில்லாரியல் தோற்றுக் கீழே இறங்கியது. தாய் அணி இரண்டாம் டிவிஷனுக்கு வந்தால் மகன் அங்கே இருக்கக் கூடாதே. அதனால் வில்லாரியல் பி மூன்றாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. அந்தப் பையன்கள் ஆடாத ஆட்டத்தில் விழுந்த கோல் அவர்களைக் கீழே இறக்கியது.

சரி, காஸ்தியா ஆட்டத்துக்கு வருகிறேன். மைதானத்துக்கு தி ஸ்தெஃபானோ பெயர்தான். வால்தேபேபாஸில், ஏர்போர்ட் பக்கம். 6,000 பேர் உட்காரலாம். முன்வரிசையில் உட்கார்ந்தால் கோல்கீப்பர் டிஃபென்ஸைத் திட்டுவது, கோச் ஒருவனைப் பேர் சொல்லி "இடது பக்கம்" என்று கத்துவது எல்லாம் காதில் விழும். போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்தில் ஒரு பையனின் அம்மா அப்பா. மகன் பந்தை வாங்கும்போதெல்லாம் அந்த அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், பாஸ் சரியாகப் போனதும்தான் விடுவார். இரண்டாம் பாதியில் அவனை வெளியே எடுத்தபோது அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பெர்னபேயுவில் இதைப் பார்க்க முடியாது.

இந்த வளாகத்துக்கு 2004-ல் அடிக்கல் நாட்டியபோது தி ஸ்தெஃபானோவோடு சேர்ந்து கல் வைத்த 12 வயசுப் பையன் யார் தெரியுமா? கர்வஹால். காஸ்தியாவில் ஆடி, ஒரு வருஷம் ஜெர்மனியில் லெவர்குசனுக்குப் போய்த் திரும்பி, 2024-ல் வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் முதல் கோலை அடித்தவன். அதே வருஷம் அரையிறுதியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நேரத்தில் இரண்டு கோல் போட்ட ஹோசெலுவும் காஸ்தியாக்காரன்தான். 2012-ல் அவனை விற்றுவிட்டார்கள். ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஊர் ஊராக ஆடி, முப்பது வயசுக்கு மேல் லோனில் திரும்பி வந்து அடித்தான். எனக்கு அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும், மாப்ள. இங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு பெர்னபேயு கிடைக்காது. வேறு க்ளப்புகளில்தான் பிழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் முழு மூச்சாக ஓடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. லீக்கில் பெரிய அணியின் நம்பர்கள் 1 முதல் 25 வரை. கீழிருந்து வருகிறவர்களுக்கு 26-லிருந்து. கொன்சாலோ கார்சியா 2024-25-ல் காஸ்தியாவுக்கு 25 கோல் அடித்துவிட்டு, அந்தக் கோடையில் 30-ஆம் நம்பர் சட்டையோடு க்ளப் உலகக் கோப்பைக்குப் போய் 4 கோல் அடித்தான். அடுத்த சீசனில் அவனுக்கு 16 கொடுத்தார்கள். பெரிய அணியின் ஸ்ட்ரைக்கர் எம்பாப்பே உடம்பு சரியில்லாமல் படுத்ததால் கிடைத்த வாய்ப்பு, அதை விடவே இல்லை.

அப்பா நன்றாக நடக்க ஆரம்பித்ததும் நீ இங்கே கிளம்பி வா. ஏப்ரல் என்றால் குளிர் குறைந்திருக்கும், இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள். தேதி முடிவானதும் எழுது, இரண்டு டிக்கெட் எடுத்து வைக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள