வீட்டிலிருந்தே கேட்டாராம்

ஊட்டி
மே கடைசி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது, பதில் போடாததற்குத் திட்டாதே. ஊட்டிக்கு வர இ-பாஸ் வாங்க வேண்டும் என்று ஆன பிறகாவது சீசன் கூட்டம் குறையும் என்று பார்த்தால் சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை, இந்த மாதம் முழுக்க தோசைக்கல்லை விட்டு நகரவில்லை நான்.

ஆனால் ஒரு சனிக்கிழமை மட்டும் தப்பித்துக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனேன், சாயங்காலம் நாகஸ்வரக் கச்சேரி. ஆடுதுறைக்காரி உன்னை நினைக்காமல் அங்கே உட்கார முடியுமா? உனக்குத்தான் தெரியுமே, தொட்டபெட்டா சரிவில் 1848-ல் மெக்ஐவர் என்கிற வெள்ளைக்காரர் போட்ட தோட்டம், 55 ஏக்கர், படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகும். நாம் காலேஜ் டூர் வந்தபோது நீ பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாய். மேடை கீழே புல்வெளி ஓரத்தில். ஜமுக்காளம் விரித்துப் பத்து நிமிஷத்தில் ஈரம் புடவைக்கு ஏறிவிட்டது. முதலில் ஒரு மெல்லிசைக் குழு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்ததில் இடது காது இரண்டு நாள் அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நாகஸ்வரக்காரர் வந்தார். பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், அதற்கு மேல் யாரோ கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டர். பாவம், மத்தியானம் வரை சமவெளி வெயிலில் இருந்தவர். ஆரம்பித்த உடனே எனக்கே தெரிந்தது, சுருதிப் பெட்டி ஒரு இடத்தில் நிற்கிறது, வாத்தியம் அதற்குக் கீழே நிற்கிறது. காற்று குளிர்ந்தால் ஒலி வேகம் குறையும், 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போவது 0 டிகிரியில் 331 தான், அதனால் குழலின் சுருதி இறங்கிவிடும் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவள்தான் நான், ஆனால் காதால் கேட்டது அன்றைக்குத்தான். உங்கள் ஊர் 32 டிகிரிக்கும் இங்கே சாயங்காலம் 14 டிகிரிக்கும் கணக்குப் போட்டால் சுருதி கால் கட்டை இறங்க வேண்டும், மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடுகட்டும். மனுஷர் பதறவே இல்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி வாயில் அடக்கிக்கொண்டு, வாத்தியத்தை அங்கவஸ்திரத்தில் சுற்றி மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு தவில்காரரைப் பார்த்தார். அவர் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் தவிலின் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்க ஆரம்பித்தார். ஈரத்தில் தோல் தொய்ந்து தொப் தொப் என்றுதான் கேட்டது. மங்கி குல்லாய் போட்ட சின்னப் பையன் ஒருவன் "மெக்கானிக் தாத்தா" என்று கத்த, மேடையில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

பிறகு சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு தோடி ராகம் எடுத்தார். வாத்தியம் உங்கள் ஊர்ப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்த ஆச்சா மரம்தான், விசாரித்துவிட்டேன், அந்த நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீ வாட்சப்பில் ஆடிய ஆட்டத்தை மறப்பேனா. பாரி என்கிற நீளமான வகை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையால்தான் பாரி பிரபலமாச்சு, அதற்கு முன்பு குட்டையான திமிரிதான், நல்ல உச்ச சுருதி, தெரு முனை வரை கேட்கும் என்று உங்கப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்வாரே, கூடவே "இதுக்குப் போய் மைக்கா?" என்று ஒரு திட்டும் வரும். எனக்கும் அன்றைக்கு அந்தக் கோபம்தான். தோடி வளர்ந்து வரும்போது மைக் செட்காரர் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய்க் கீச்சென்று அலற விட்டார். இந்த மலைக்குச் சொந்தமாகவும் ஊதுகுழல் இருக்கிறதடி, இங்கத்திய பழங்குடிகளான கோத்தர்கள் தாங்களே செய்து வாசிப்பார்கள், அவர்கள் சாமி கம்பட்ராயர் திருவிழாவில் கேட்டிருக்கிறேன், மைக் இல்லாமலேயே திறந்தவெளியை நிரப்பிவிடும்.

மூடுபனி இறங்கி மேடை விளக்கெல்லாம் மஞ்சள் பஞ்சு மாதிரி ஆனபோது பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. நான் மங்களம் வரை இருந்து, காட்டெருமை ஒன்று வளைவில் நின்றதால் கால் மணி நேரம் ஆட்டோவுக்குள்ளேயே ஒடுங்கி உட்கார்ந்து, வீட்டுக்குப் போனால் இவர் கம்பளியும் காபியுமாக வாசலில் இருக்கிறார். "தோடி பிரமாதம்" என்கிறார்! எதிர் மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு பிருகாவும் தெளிவாக வந்ததாம், அலறல் எதுவும் கேட்கவில்லையாம். ராத்திரியில் பள்ளத்தில் குளிர்ந்த காற்று தேங்கி மேலே சூடான காற்று நின்றால் மேலே போகும் ஒலி வளைந்து திரும்பக் கீழேயே வரும், தூரத்துக்குக் கேட்கும், இதையும் நான்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். முன்வரிசையில் ஈரப் புடவையோடு உட்கார்ந்தவளுக்கு ஸ்பீக்கர், திண்ணையில் காபி குடித்தவருக்குக் கச்சேரி. வயிறு எரிந்தது போ.

உன் முழங்கால் இப்போது எப்படி? மாடிப்படியை இன்னும் அப்படியே ஏறுகிறாயா? அப்புறம் ஒன்று கேட்க வேண்டும், உங்கப்பா சீவாளிகளை வைத்திருந்தாரே ஒரு பித்தளைச் சிமிழ், மூடி கொஞ்சம் நசுங்கியிருக்கும், அது இப்போது யாரிடம் இருக்கிறது?

அன்புடன்,
பானு